1.1 பார் காட்டியும் வண்டி மந்தமாக இருப்பது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது. 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். ஓபிடி டாங்கிள் (காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படித்துச் சொல்லும் சின்னக் கருவி) ஒன்றைச் செருகி, செல்போன் செயலியில் பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், பார்க்கிறீர்கள். விடியற்காலையில் முழுக்க மிதித்தால் 0.95 பார்தான் ஏறுகிறது, ஆனால் வண்டி பறக்கிறது. மதியம் 1.1 பார் காட்டுகிறது, வண்டியோ மந்தம். இரண்டாம் கியரில் ஒரு எண், நான்காம் கியரில் வேறு எண். நண்பரின் டீசல் கார் எப்போது மிதித்தாலும் 1.54 காட்டுகிறது, ஆனாலும் உங்கள் வண்டியை அவரால் முந்த முடியவில்லை. டர்போ போய்விட்டதா, செயலி பொய் சொல்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் டர்போ போகவில்லை. உங்கள் வண்டியைப் பொறுத்தவரை செயலியும் சரியாகத்தான் சொல்கிறது. நண்பரின் 1.54-இல் மட்டும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பூஸ்ட் என்ற எண் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். டர்போ என்பது எக்சாஸ்ட் காற்றால் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குத் தள்ளும் கருவி. அந்தக் காற்று சிலிண்டருக்குள் போக வேண்டும். போகும் வழியில் வால்வுகள் இருக்கின்றன, ஒரு சுற்றில் இவ்வளவுதான் இழுக்க முடியும் என்ற எல்லை இருக்கிறது. டர்போ தள்ளுகிற வேகத்துக்கு எஞ்சினால் விழுங்க முடியாதபோது, மிச்சம் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக்கொடுக்கும் குழாயில், நெருக்கியடித்து நிற்கிறது. அந்த நெருக்கடியின் அளவுதான் பூஸ்ட். உள்ளே போன காற்றின் எடையை அது சொல்வதில்லை. குழாயில் மாட்டிய ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பாருங்கள். ஹோஸுக்குள் அழுத்தம் ஏறும், தண்ணீர் சீறும். ஆனால் வாளி நிரம்ப முன்னைவிட அதிக நேரம் ஆகும். அழுத்தத்தை மட்டும் பார்க்கிறவன் "அடடா, நல்லா வருதே" என்பான். வாளியைப் பார்க்கிறவனுக்குத்தான் விஷயம் தெரியும்.

எஞ்சினுக்கு வாளி என்பது சிலிண்டருக்குள் போன காற்றின் எடை. எவ்வளவு எடைக் காற்று போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். அதனால்தான் டியூனிங் செய்கிறவர்கள் ஒரு எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டை நன்றாகக் கடைந்து, கேம் ஷாஃப்ட்டையும் மாற்றியபின், அதே டர்போவில் பூஸ்ட் எண் குறைந்து பவர் கூடியதைப் பார்த்து ஆச்சரியப்படுவதில்லை. கட்டைவிரல் விலகிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் காலை, மதியக் கணக்குக்கு வருவோம். கொஞ்சம் கூட்டல் பெருக்கல் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலி காட்டும் பூஸ்ட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்ற கணக்கு. கடல் மட்டத்தில் வெளிக்காற்றே ஏறத்தாழ 101 கிலோ பாஸ்கல் அழுத்தத்தில் இருக்கிறது. 1 பார் என்பது 100 கிலோ பாஸ்கல். ஆகவே 0.95 பார் பூஸ்ட் என்றால் மேனிஃபோல்டில் உண்மையில் இருப்பது சுமார் 196 கிலோ பாஸ்கல். 1.1 பார் என்றால் 211. காற்றின் அடர்த்தியோ இந்த மொத்த அழுத்தத்தோடு ஏறும், வெப்பநிலையோடு இறங்கும். அதே செயலியில் இன்டேக் ஏர் டெம்பரேச்சர் என்று ஒரு அளவு இருக்கும், அதை நீங்கள் குறிப்பிடவில்லை. காலையில் அது 30 டிகிரி, மதியம் நெரிசலில் நின்று கிளம்பியபின் 65 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நடைமுறையில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய எண்கள்தான். கணக்குப் போட்டால் காலையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 2.25 கிலோ, மதியம் 2.18 கிலோ. அதாவது குறைந்த பூஸ்ட் காட்டிய காலையில்தான் எஞ்சினுக்குள் 3 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகக் காற்று போயிருக்கிறது.

இது ஏதோ தற்செயல் என்று நினைக்க வேண்டாம். இன்றைய பெட்ரோல் டர்போ கார்களில் பெரும்பாலும் இசியு (எஞ்சினை நடத்தும் கணினி) பூஸ்டைக் குறிவைத்து வேலை செய்வதில்லை. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்ததும், "இவருக்கு இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) வேண்டும், அதற்கு இவ்வளவு காற்று வேண்டும்" என்று கணக்குப் போடும். அந்தக் காற்றைக் கொண்டுவர எவ்வளவு அழுத்தம் தேவையோ அவ்வளவுதான் டர்போவிடம் கேட்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குறைந்த அழுத்தமே போதும். சூடான காற்றுக்கு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். மதியம் எண் ஏறியதற்குக் காரணம் இதுதான். சூட்டில் இழந்ததை ஈடுகட்ட டர்போ கூடுதலாக உழைக்கிறது, அந்த உழைப்பைத்தான் 1.1 என்று பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள்.

சரி, 3 சதவீதம் குறைவதையா "மந்தம்" என்று உணர முடியும்? அது மட்டும் என்றால் முடியாது. இன்னொரு பூட்டும் சேர்ந்து விழுகிறது. சூடான, அழுத்தமான கலவை சிலிண்டருக்குள் தானாகவே பற்றிக்கொள்ளப் பார்க்கும். அதுதான் நாக்கிங். நாக் சென்சார் அதைக் கேட்டதும் இசியு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். முன்கூட்டியே காற்றின் வெப்பத்தைப் பார்த்தே சில டிகிரி (இது வெப்பமல்ல, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கோணம்) பின்னால் தள்ளி வைப்பதும் உண்டு. ஸ்பார்க் தாமதமானால் எரிதலின் அழுத்தம் பிஸ்டன் தேவைக்கு மேல் இறங்கியபின் உச்சத்துக்கு வருகிறது, தள்ளும் வேலை வீணாகிச் சூடாகச் சைலன்சர் பக்கம் போய்விடுகிறது. செயலியில் இக்னிஷன் டைமிங் என்ற அளவையும் திறந்து வைத்துக்கொண்டு காலையிலும் மதியத்திலும் ஒரே சாலையில், ஒரே கியரில், ஒரே ஆர்பிஎம்மில் பாருங்கள். மதியம் சில டிகிரி குறைவாக இருந்தால் உங்கள் மந்தத்தின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. பூஸ்ட் எண்ணில் அதன் சுவடே தெரியாது.

காற்று ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விஷயம்தான். 30 டிகிரி காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், டர்போவில் காற்றை அமுக்கும் கம்ப்ரசர் நூற்றுக்கு நூறு திறனோடு இருந்தாலும் வெப்பநிலை கூடுதலாக 65 டிகிரிக்கு மேல் ஏறும். 70 சதவீதத் திறன் உள்ள கம்ப்ரசரில் ஏற்றம் 95 டிகிரி. அதாவது டர்போவிலிருந்து வெளிவரும் காற்று 125 டிகிரியில் இருக்கும். அதை அப்படியே எஞ்சினுக்குக் கொடுத்தால் இரண்டு மடங்கு அழுத்தம் இருந்தும் ஒன்றரை மடங்கு காற்றுதான் போகும். நடுவில் இன்டர்கூலர் இருப்பது இதற்காக. ஓடும் வண்டியில் முகத்தில் அடிக்கும் காற்று அதைக் குளிர்விக்கிறது. நெரிசலில் நின்றால் குளிர்விக்க ஆளில்லை. முழு உலோகமும் சூட்டை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கிளம்பி இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகும் அந்தச் சூடு முழுவதும் இறங்கியிருக்காது.

என் அனுபவம் ஒன்று. வண்டி ஒன்றில் பூஸ்ட் எப்போதும் போல 1.1, ஆனால் ஆறு மாதத்தில் இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது. எண் மாறவில்லை என்பதால் டர்போவைச் சந்தேகிக்கவில்லை. ஸ்பார்க் பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், ஒரு வித்தியாசமும் இல்லை. கடைசியில்தான் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பார்த்தேன். நல்ல வேகத்தில் போகும்போதே 70 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. முன் பம்பரைக் கழற்றினால், ஏசி கண்டென்சருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே இருந்த விரல் அகல இடைவெளியில் சருகும் பூச்சியும் புழுதியும் சேர்ந்து பாய் போலப் படிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பிரஷ்ஷும் தண்ணீருமாக ஒரு மணி நேரம். வேறு செலவே இல்லை. பூஸ்ட் மறுநாளும் 1.1தான். வண்டி மட்டும் வேறு வண்டி.

கியருக்குக் கியர் எண் மாறுவதற்கு இவ்வளவு கதை வேண்டாம். டர்போவைச் சுற்றுவது எக்சாஸ்ட் காற்று, அது வேகம் பிடிக்க நேரம் வேண்டும். முதல் இரண்டு கியரில் ஆர்பிஎம் சட்டென்று ஏறிவிடுகிறது, டர்போ முழு வேகத்துக்கு வருவதற்குள் நீங்கள் கியரை மாற்றிவிடுகிறீர்கள். போதாக்குறைக்குப் பல கார்களில் டயர் சுழலாமல் இருக்கவும் கியர்பாக்ஸைக் காப்பாற்றவும் கீழ் கியர்களில் இசியுவே டார்க்கைக் குறைத்துக் கொடுக்கும். ஆகவே ஒப்பிடுவதானால் எப்போதும் மூன்றாவது அல்லது நான்காவது கியரில், சுமார் 1,800 ஆர்பிஎம்மிலிருந்து, ஆளில்லாத நீண்ட சாலையில், பாதம் முழுக்க அமுக்கி. எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், அல்லது செயலியே பதிவு செய்யட்டும். ஓட்டுகிறவர் செல்போனைப் பார்க்க வேண்டாம். நியூட்ரலில் வைத்து உறுமவிட்டு "பூஸ்டே வரவில்லை" என்று பதறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சுமை இல்லாமல் எஞ்சினுக்குக் காற்றே தேவையில்லை, எக்சாஸ்ட்டும் சொற்பம், பூஸ்ட் எங்கிருந்து வரும்?

இன்னொரு குழப்பமும் இந்த இடத்தில் வரும். 2,500 முதல் 4,500 ஆர்பிஎம் வரை 1.1 காட்டும், அதற்கு மேல் போகப் போக 0.9, 0.8 என்று இறங்கும். "மேலே போனால் டர்போ திணறுகிறது" என்பார்கள். சின்ன டர்போக்களின் சுபாவமே அது. சீக்கிரம் சுழன்று கீழ் ஆர்பிஎம்மில் இழுவை தர வேண்டும் என்பதற்காகத்தான் அதைச் சின்னதாக வைக்கிறார்கள். மேல் ஆர்பிஎம்மில் எஞ்சின் கேட்கும் காற்றை அதனால் அதே அழுத்தத்தில் தர முடியாது, தள்ளினால் திறன் குறைந்து காற்றைச் சூடாக்கத்தான் செய்யும். ஆனால் பவர் குறைகிறதா என்றால், இல்லை. 1.5 லிட்டர் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில், 1 பார் பூஸ்ட்டில், 50 டிகிரி காற்றை இழுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 73 கிராம் காற்று போகும். அதே எஞ்சின் 5,500 ஆர்பிஎம்மில் 0.7 பார்தான் என்றாலும் 113 கிராம் போகும். ஒரு தடவைக்கு இழுக்கும் காற்று குறையலாம், ஆனால் நிமிடத்துக்கு எத்தனை தடவை இழுக்கிறது என்பது கூடியிருக்கிறதே. பூஸ்ட் எண் பெரும்பாலும் டார்க்கோடு சேர்ந்து நடக்கும். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கினால்தான் பவர்.

உங்கள் காரில் ஏர் ஃப்ளோ சென்சார் இருந்தால் செயலியில் எம்ஏஎஃப் என்று நொடிக்கு எத்தனை கிராம் என்ற எண் வரும். என்னைக் கேட்டால் பூஸ்டை மறைத்துவிட்டு அதைத்தான் திரையில் பெரிதாக வைப்பேன். நான் சொன்ன வாளி அதுதான். பெட்ரோல் எஞ்சினில் அந்த எண்ணை 1.25 ஆல் பெருக்கினால் எத்தனை குதிரைத்திறன் என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். பவரை அளக்கும் டைனோமீட்டருக்கு ஈடு ஆகாது. ஆனால் போன மாதத்து உங்கள் வண்டியோடு இந்த மாதத்து உங்கள் வண்டியை ஒப்பிட அது போதும்.

இப்போது நண்பரின் 1.54. எப்போது மிதித்தாலும் அதே 1.54 என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஓபிடி தரத்தில் மேனிஃபோல்ட் அழுத்தத்துக்கான சாதாரண அளவு ஒரே ஒரு பைட்டில் வருகிறது. ஒரு பைட்டில் எழுதக்கூடிய அதிகபட்ச எண் 255. அது 255 கிலோ பாஸ்கல், வெளிக்காற்றையும் சேர்த்து. அதிலிருந்து 101-ஐக் கழியுங்கள். 154, அதாவது 1.54 பார். அவர் டர்போ 1.6 தள்ளினாலும் 1.9 தள்ளினாலும் செயலி 1.54 என்றுதான் காட்டும், எண் கூரையில் முட்டி நிற்கிறது. வரைபடத்தில் பார்த்தால் உச்சி கத்தியால் சீவியது போல் தட்டையாக இருக்கும். பெரிய எண்ணைக் கொடுக்கும் வேறு அளவீட்டை அவர் கார் தருகிறதா என்று செயலியின் பட்டியலில் தேடிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் தனியாக மீட்டர் பொருத்த வேண்டும்.

அதோடு, டீசலின் பூஸ்டையும் பெட்ரோலின் பூஸ்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. பெட்ரோல் எஞ்சின் உள்ளே வந்த காற்று முழுவதையும் ஏறத்தாழ எரித்துத் தீர்க்கிறது. காற்று கூடினால் டார்க் கூடும். டீசலில் டார்க்கைத் தீர்மானிப்பது ஊசி வழியாகப் பீய்ச்சப்படும் டீசலின் அளவு. காற்று எப்போதும் மிச்சமாகத்தான் இருக்கும், மிச்சம் போதாவிட்டால் கரும்புகை வரும். டீசலில் பூஸ்டை மட்டும் ஏற்றிவிட்டு எரிபொருளைக் கூட்டாமல் விட்டால் டார்க் பெரிதாக ஒன்றும் ஏறாது. தவிர டீசல் எஞ்சின் அதிக ஆர்பிஎம்முக்குப் போவதில்லை. அவரிடம் டார்க் உங்களைவிட அதிகமாகவே இருக்கலாம், ஆனால் அவர் கியர் மாற்றும் இடத்தில் உங்கள் எஞ்சின் இன்னும் மூச்சு வாங்கவே ஆரம்பித்திருக்காது. பெரும்பாலான டீசல்களில் ஐட்லிங்கில் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதும் இந்த வித்தியாசத்தால்தான். உங்கள் பெட்ரோலில் ஐட்லிங்கில் மைனஸ் 0.6, 0.7 காட்டும். காற்று வரும் வழியில் இருக்கும் த்ராட்டில் என்ற கதவு மூடியிருக்கிறது, எஞ்சின் உறிஞ்சுகிறது, உள்ளே வெற்றிடம். அது பழுதல்ல, ஆரோக்கியத்தின் அறிகுறி. ஐட்லிங்கில் வழக்கமாக மைனஸ் 0.65 காட்டிய வண்டி இப்போது மைனஸ் 0.45-இல் நின்றால்தான் எங்கோ காற்று கசிகிறதா என்று யோசிக்க வேண்டும்.

வெளிக்காற்றைக் கழிப்பது என்று சொன்னேன் அல்லவா, அதிலும் ஒரு பொறி இருக்கிறது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பூஸ்டைப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். சில செயலிகள் காரின் பாரோமீட்டர் அளவைப் பார்க்காமல், உலகம் முழுவதும் கடல் மட்டம் என்று நினைத்துக்கொண்டு 101-ஐக் கழித்துவிடும். 2,000 மீட்டர் உயரமுள்ள மலைக்குப் போனால் அங்கே வெளிக்காற்றே 80 கிலோ பாஸ்கலுக்குக் கொஞ்சம் குறைவு. நின்றிருக்கும் வண்டியில் அந்தச் செயலி மைனஸ் 0.2 காட்டும். முழுக்க மிதித்தால் 0.9 காட்டும், உண்மையில் டர்போ அங்குள்ள காற்றுக்கு மேல் 1.1 தள்ளிக்கொண்டிருக்கும். கடைசியில் பார்த்தால் தவறான எண்தான் எஞ்சினின் நிலையைச் சரியாகச் சொல்கிறது, ஏனென்றால் எஞ்சினுக்கு முக்கியம் மொத்த அழுத்தம். முள் மீட்டர் வைத்திருப்பவருக்கு இதே மலையில் 1.1 காட்டும், ஆனால் மொத்த அழுத்தம் 0.2 பார் குறைந்திருக்கும். அதே மொத்த அழுத்தத்தை மலையில் கொண்டுவர டர்போ இரண்டு மடங்குக்குப் பதில் இரண்டரை மடங்குக்கும் மேல் அமுக்க வேண்டியிருக்கும். ஏற்கனவே நிமிடத்துக்கு லட்சத்து ஐம்பதாயிரம், இரண்டு லட்சம் தடவை சுற்றும் சாமான் அது. அதனால் ஓர் உயரத்துக்கு மேல் இசியுவே போதும் என்று நிறுத்திவிடும்.

சொல்லப்போனால் டர்போவின் முதல் பெரிய வேலையே மலையில்தான் நடந்தது. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரெட் பூஷி 1905-இல் காப்புரிமை வாங்கினார். 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய், டர்போ மாட்டி, கீழே தரையில் கொடுக்கும் பவரை மேலேயும் கொடுக்க வைத்தார். கடல் மட்டத்தில் கிடைப்பதற்கு மேல் வேண்டும் என்ற ஆசையெல்லாம் அப்போது பெரிதில்லை. இழந்ததை மீட்டால் போதும் என்பதுதான் நோக்கம்.

மொத்த அழுத்தமா, வெளிக்காற்றுக்கு மேலா என்ற குழப்பம் நம்மை மட்டும் பிடித்த வியாதியும் அல்ல. ஃபார்முலா ஒன்னில் 1987-இல் டர்போவுக்கு 4 பார் என்றும், 1988-இல் 2.5 பார் என்றும் எல்லை வைத்தார்கள். அதைப் படித்துவிட்டு "அந்தக் காலத்தில் 2.5 பார் பூஸ்ட்" என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. அது வெளிக்காற்றையும் சேர்த்த கணக்கு. உங்கள் மீட்டர் பாஷையில் 1.5 பார். அந்த 1.5-ஐ வைத்துத்தான் ஹோண்டாவின் 1.5 லிட்டர் எஞ்சின் அறுநூறு குதிரைத்திறனைத் தாண்டியது, அதை வைத்து ஓடிய மெக்லாரன் அணி 1988-இன் 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. உங்கள் எஞ்சினும் 1.5 லிட்டர், உங்கள் பூஸ்ட்டும் 1.1. எண்கள் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன, பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 12,000 ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுற்றும் எஞ்சினை நிரப்பி 1.5 காட்டுவதும், 3,000-இல் 1.1 காட்டுவதும் ஒன்றாகுமா?

எப்போது கவலைப்பட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எண் கொஞ்சம் கூடுவதும் குறைவதும் விஷயமே இல்லை. மிதித்தவுடன் ஒரு நொடி 1.25 தொட்டு 1.1-இல் அமர்வதும் சாதாரணம்தான். கவனிக்க வேண்டியது வேறு. வண்டி எவ்வளவு மிதித்தாலும் 0.4, 0.5-இல் போய் உட்கார்ந்துகொண்டால், வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியைப் பார்க்க வேண்டும். வேஸ்ட்கேட் என்பது எக்சாஸ்ட் காற்றை டர்பைனுக்கு (டர்போவைச் சுழற்றும் சக்கரத்துக்கு) அனுப்பாமல் பக்கவழியாகத் திருப்பிவிடும் சின்னக் கதவு. காற்றழுத்தத்தில் இயங்கும் வகையில் அதை மூடிவைத்திருப்பது ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் தாங்கும் அளவுக்கு மேல் பூஸ்ட் வேண்டுமென்றால் இசியு ஒரு சொலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் சின்ன வால்வு) வழியாக அந்த அழுத்தத்தை ஏமாற்றிக் கதவை மூடியே வைக்கும். சொலினாய்டு செத்தாலோ, விரல் தடிமன்கூட இல்லாத அந்த ரப்பர் ஹோஸ் தவறாக மாட்டப்பட்டிருந்தாலோ, இசியுவே ஏதோ பயந்து பாதுகாப்பு நிலைக்குப் போயிருந்தாலோ, ஸ்பிரிங் மட்டும்தான் மிச்சம். எண் எதில் போய் நிற்கிறது என்பதே பழுது எங்கே என்று சொல்லிவிடும்.

எண் சரியாக இருந்து, ஆனால் அங்கே போய்ச் சேர முன்னைவிட நேரமாகிறது, மிதிக்கும்போது "ஸ்ஸ்" என்ற சீறல் கேட்கிறது என்றால் கசிவு. ஹோஸில் ஒரு கீறல், தளர்ந்த கிளாம்ப், டைவர்ட்டர் வால்வில் (ஆக்சிலரேட்டரை விட்டதும் மிச்ச அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வு) கிழிந்த டயஃப்ரம், இவற்றில் ஒன்றாக இருக்கும். இதில் ஏமாற்று என்னவென்றால், சின்னக் கசிவை டர்போ கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டிவிடும். மீட்டர் அதே 1.1 காட்டும். டர்போ மட்டும் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கும், காற்றும் கூடுதலாகச் சூடாகும். கசிவு பெரிதானால் பி 0299 என்ற எச்சரிக்கை வரும், கேட்ட பூஸ்ட் வரவில்லை என்று பொருள். பி 0234 வந்தால் எதிர்ப்பக்கம், கேட்டதற்கு மேல் ஏறுகிறது. இரண்டில் எதற்கு முதலில் பயப்படுவேன் என்றால் இரண்டாவதற்குத்தான். வேஸ்ட்கேட் கதவு துருப்பிடித்து மூடியே சிக்கிக்கொண்டால் பூஸ்டை நிறுத்த ஆளில்லை. அப்போது மிதித்துப் பார்த்து ரசிக்காமல் மெதுவாக வீட்டுக்கோ மெக்கானிக்கிடமோ போய்ச் சேருங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் கேட்ட "பூஸ்டை 1.3 ஆக்கலாமா" என்ற கேள்வி. கைத்திருகு வைத்த பூஸ்ட் கன்ட்ரோலர் ஒன்றை வேஸ்ட்கேட் ஹோஸில் செருகினால் எண் ஏறிவிடும், அது சுலபம். ஆனால் இசியு எதிர்பார்க்காத காற்று உள்ளே வரும். ஒன்று, இசியு எரிபொருளை வெட்டி உங்களைச் சாலையில் குலுக்கும். அல்லது ஸ்பார்க்கைப் பின்னால் தள்ளி, ஏற்றிய 0.2-இல் கிடைத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். இரண்டும் செய்யாமல் விட்டால்தான் ஆபத்து, பிஸ்டனுக்குப் போகும் அடி அது. மதியம் 1.1-க்கே மூச்சு வாங்குகிற வண்டிக்கு 1.3 கொடுப்பது கட்டைவிரலை இன்னும் அழுத்துவதுதான். அந்த ஆசை இருந்தால், முதலில் காற்றைக் குளிரவைக்கும் வழியைப் பாருங்கள். நல்ல இன்டர்கூலர், பிறகு அதற்கேற்ப எரிபொருள், டைமிங், பூஸ்ட் மூன்றையும் சேர்த்துச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் ரீமேப், அதாவது இசியுவின் கணக்குகளை மாற்றி எழுதுவது. அப்போது எண் 1.2-இலேயே நின்றாலும் வண்டி உங்களுக்குப் பிடிக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். பூஸ்ட், உள்ளே போகும் காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங் மூன்றையும் மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள். அளவுகளை அதிகமாக்கினால் டாங்கிள் ஒவ்வொன்றையும் வரிசையாகக் கேட்டுவருவதற்குள் ஒரு நொடி போய்விடும், உச்சம் நடுவில் நழுவிவிடும். மூன்றாம் கியரில் காலையில் இரண்டு தடவை, மதியம் இரண்டு தடவை. எஞ்சின் ஆறியபின் பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் மூட்டுகளைக் கையால் தடவிப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு எல்லா டர்போ வண்டியிலும் உள்ளே இருக்கும். வெளியே ஒரு கிளாம்ப்பைச் சுற்றி மட்டும் ஈரமாகப் புழுதி ஒட்டியிருந்தால், காற்று அந்த வழியாகத்தான் வெளியே போகிறது.